அம்மா தந்த நகல்

ஒரு குழந்தை ஓயாமல் அழுதால் வீடே பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடும். ஓயாமல் சிரித்தால் யாரும் ஓடுவதில்லை. கோவையை அடுத்த தொண்டாமுத்தூர்ப் பக்கம் அப்படி ஒரு குழந்தை பிறந்தால், அமுச்சி (அம்மாவின் அம்மா) மடியில் போட்டுக்கொண்டு, "சாமி எப்பப் பாரு சிரிச்சுட்டே கெடக்குது பாருங்க" என்று பூரித்துப்போவார். பால் சரியாகக் குடிப்பதில்லை, வயது ஒன்றாகியும் உட்காரவில்லை, மூன்றாகியும் ‘அம்மா’ என்று வாய் திறக்கவில்லை என்கிறபோதும் ஆறுதலுக்குப் பஞ்சமிருக்காது. "அவங்கப்பனும் நாலு வயசுலதானுங்க பேசுனான்." அப்புறம் ஒரு ராத்திரி காய்ச்சலோடு வலிப்பு வரும். அன்றைக்குத்தான் கோவைக்கு வண்டி பிடிப்பார்கள்.

அங்கே சீட்டில் எழுதப்படும் பெயர் பல நேரங்களில் ‘மூளை முடக்குவாதம்’ என்றோ ‘ஆட்டிசம்’ என்றோ இருக்கும். சில சீட்டுகளில் வெறுமனே ‘வளர்ச்சித் தாமதம்’. பெயர் கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. ஐரிஷ் நடிகர் காலின் ஃபாரெலின் மகனுக்கும் முதலில் மூளை முடக்குவாதம் என்றுதான் சொன்னார்கள். பிறகுதான் ஏஞ்சல்மேன் நோய்க்குறித்தொகுப்பு என்று தெரிந்தது.

உலகக் கணக்கின்படி 12,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒருவருக்கு இது வருகிறது. 2011 கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 34.6 லட்சம். இந்த நோயோடு பிறந்தவர்களின் ஆயுள் ஏறத்தாழ மற்றவர்களுடையதைப் போன்றதே. ஆக, இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 170 முதல் 290 பேர் வரை இருக்க வேண்டும். குழந்தைகள் மட்டுமல்ல, முப்பது வயதிலும் ஐம்பது வயதிலும் இருப்பார்கள். அவர்களில் பலரும் தங்கள் நோயின் சரியான பெயர் எழுதிய காகிதம் இல்லாமலே வாழ்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை. பெயர் தெரிந்தால் நோய் போய்விடாது. ஆனால் கொடுக்கக் கூடாத மருந்து எது, அடுத்த குழந்தைக்கு வருமா, சித்திக்குப் பிறக்கும் குழந்தைக்கு வருமா என்ற மூன்று கேள்விக்கும் விடை அந்தப் பெயருக்குள்தான் இருக்கிறது.

மூன்று குழந்தைகள், ஓர் ஓவியம்

இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில் குழந்தை மருத்துவராக இருந்தவர் ஹாரி ஏஞ்சல்மேன். வெவ்வேறு சமயங்களில் அவரிடம் வந்த மூன்று குழந்தைகளிடம் ஒரே சாயலைக் கண்டார். விறைப்பும் துள்ளலுமான நடை, பேச்சில்லாமை, வலிப்பு, காரணம் தெரியாத சிரிப்பு. மூவருக்கும் ஒரே நோய்தான் என்று உள்ளுக்குள் பட்டது. நிரூபிக்க அன்றைய பரிசோதனைகள் எதுவும் உதவவில்லை. எழுதலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தவர் விடுமுறைக்கு இத்தாலி போனபோது, வெரோனா நகரின் காஸ்தெல்வெக்கியோ அருங்காட்சியகத்தில் கரோட்டோ என்ற ஓவியர் வரைந்த படம் ஒன்றைப் பார்த்தார். கையில் தான் கிறுக்கிய பொம்மைப் படத்தைப் பிடித்தபடி வாய் நிறையச் சிரிக்கும் ஒரு சிறுவன். ஊர் திரும்பியதும் எழுதினார். 1965-ல் வெளியான அந்தக் கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பு ‘பொம்மைக் குழந்தைகள்’. தன் பிள்ளையை அப்படி யாராவது அழைத்தால் எந்தத் தாய் பொறுத்துக்கொள்வாள்? 1982-ல் சார்லஸ் வில்லியம்ஸ், ஹைமே ஃப்ரையாஸ் என்ற இரு மருத்துவர்கள் அந்தப் பெயரை விட்டுவிட்டு ஏஞ்சல்மேனின் பெயரையே வைக்கலாம் என்றார்கள். அது நிலைத்தது.

காரணம் தெரிய மேலும் காலம் பிடித்தது. 1987-ல் அமெரிக்காவில் எலன் மஜெனிஸ் குழுவினர், இந்தக் குழந்தைகள் சிலரின் 15-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல்போயிருப்பதைக் கண்டார்கள். அதே இடத்தில் அதே போன்ற துண்டு இல்லாத வேறு குழந்தைகளும் ஏற்கெனவே மருத்துவர்களுக்குத் தெரிந்தவர்கள்தான். அவர்களுக்கு இருப்பது பிரேடர்-வில்லி நோய். பிறந்ததும் துவண்டு கிடப்பார்கள், வளர வளர அடங்காத பசி வரும், உடல் பருக்கும். பார்வைக்கு ஏஞ்சல்மேன் குழந்தைக்கும் இவர்களுக்கும் பெரிய ஒற்றுமை கிடையாது. ஒரே துண்டு இல்லாமல்போனால் எப்படி இரண்டு வெவ்வேறு நோய்? 1989-ல் ஜோன் நோல், ராபர்ட் நிக்கோல்ஸ், மார்க் லாலாண்டு ஆகியோரின் ஆய்வு அந்த முடிச்சை அவிழ்த்தது. அப்பாவிடமிருந்து வந்த 15-இல் துண்டு இல்லையென்றால் பிரேடர்-வில்லி. அம்மாவிடமிருந்து வந்த 15-இல் இல்லையென்றால் ஏஞ்சல்மேன்.

மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு யார் கொடுத்தது என்ற கணக்கே இல்லை. அம்மா தந்த நகலும் அப்பா தந்த நகலும் சேர்ந்தே வேலை செய்யும். சுமார் நூறு மரபணுக்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றின் மேல் ‘இது அம்மா வீட்டது’, ‘இது அப்பா வீட்டது’ என்று ஒரு வேதி முத்திரை விழுந்திருக்கும். அந்த முத்திரையைப் பொறுத்து ஒரு நகல் இயங்கும், மற்றது அடங்கிக் கிடக்கும். பாலூட்டிகளில் இப்படி ஒன்று உண்டு என்பதை 1984-ல் இரண்டு குழுக்கள் எலிக் கருக்களில் காட்டின. ஒன்று, கென்யாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த அசிம் சுரானியின் குழு. மற்றது, அமெரிக்காவில் மெக்ராத், சோல்ட்டர் இருவர். தாயின் மரபுப் பொருளை மட்டும் இரட்டிப்பாக வைத்த கருவும் பிழைக்கவில்லை, தந்தையுடையதை மட்டும் வைத்ததும் பிழைக்கவில்லை. பிள்ளை உருவாக இரண்டு பேரும் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கறாரான சாட்சி உயிரியலில் இல்லை.

1997-ல் ஒரே மாதத்தில் இரண்டு குழுக்கள், காணாமல்போன அந்தத் துண்டுக்குள் ஏஞ்சல்மேனுக்கு உண்மையான காரணம் எது என்று கண்டுபிடித்து அறிவித்தன. அந்த மரபணுவின் பெயர் யூ.பி.இ.3ஏ.

குறி வைக்கும் புரதம்

தோப்பில் வெட்ட வேண்டிய மரத்துக்கு முன்கூட்டியே சுண்ணாம்புக் குறி வைப்பார்கள். வெட்டுகிறவர் வந்து குறியைப் பார்த்து வேலையை முடிப்பார். செல்லுக்குள்ளும் ஏறத்தாழ இதுதான் நடக்கிறது. வேலை முடிந்த புரதம், மடிப்பு கெட்ட புரதம், அளவுக்கு மிஞ்சிய புரதம் எல்லாவற்றையும் அவ்வப்போது உடைத்துப் போட வேண்டும். உடைக்க வேண்டியதன் மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் ஒட்டப்படுகிறது. வெறும் 76 அமினோ அமிலங்கள் கொண்ட துளி அது. அந்த அடையாளத்தைப் பார்த்து, புரோட்டியசோம் என்ற அமைப்பு அந்தப் புரதத்தை நறுக்கித் தள்ளுகிறது. இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த ஆரோன் சியேச்சனோவர், அவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவரும் 2004-ல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

எந்தப் புரதத்தின் மேல் குறி விழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் நொதிகள் மனித உடலில் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் ஒன்றை உண்டாக்குவதுதான் யூ.பி.இ.3ஏ மரபணு. நரம்பு செல்கள் ஒன்றையொன்று தொடும் சந்திகளில் புரதங்கள் ஓயாமல் கட்டப்படவும் கலைக்கப்படவும் வேண்டும். கற்றல் என்பதே அந்தக் கட்டலும் கலைத்தலும்தான். குறி வைக்கும் நொதி இல்லாத மூளையில் கலைய வேண்டியவை கலையாமல் தேங்குகின்றன. அதே மரபணு அளவுக்கு மேல் இருந்தாலும் ஆபத்துதான். அம்மா வழி 15-இல் அந்தத் துண்டு இரட்டித்துவிட்டால் ஆட்டிசமும் வலிப்பும் வரக்கூடும்.

இந்த நொதியை உலகம் முதலில் சந்தித்தது குழந்தைகள் நோய் வழியாக அல்ல, பெண்களின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வழியாக. அந்தப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ், ஈ6 என்ற தன் புரதத்தை அனுப்பி இந்த நொதியைப் பிடித்துக்கொள்கிறது. செல்லைப் புற்றிலிருந்து காக்கும் பி53 புரதத்தின் மேல் குறி வைக்கச் செய்து அழித்துவிடுகிறது. 1990-களின் தொடக்கத்தில் பீட்டர் ஹவ்லியின் ஆய்வகத்தில் இது தெரியவந்தது. அந்தப் புற்றைத் தமிழ்நாடு நன்றாகவே அறியும். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் மருத்துவர் ஆர்.சங்கரநாராயணன் குழுவினர் வினிகர் தடவிப் பார்க்கும் எளிய சோதனையை நடத்தினார்கள். அது அந்தப் புற்றால் வரும் சாவைக் கணிசமாகக் குறைக்கிறது என்ற முடிவு 2007-ல் லான்செட் இதழில் வந்தது. அந்தக் கிராமங்களில் பெண்களைக் காக்க நடந்த வேலையும், பேச்சு வராத குழந்தைகளுக்காக நடக்கும் ஆய்வும் ஒரே நொதியின் இரண்டு முனைகளில் நிற்கின்றன.

இந்தியாவில் இந்த நொதியைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர் நிகர் ரஞ்சன் ஜனா. ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில், தாய் வழி யூ.பி.இ.3ஏ இல்லாத எலிகளை வைத்து அவர் குழு ஆராய்ந்தது. அந்த எலிகளிடம் மன அழுத்தமும் பதற்றமும் கூடியிருப்பதை 2012-ல் வெளியிட்டார்கள். சிரித்த முகத்துக்குப் பின்னால் பதற்றமும் இருக்கலாம் என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

கிணறு, தூக்கம், மாத்திரை

ஏஞ்சல்மேன் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். இதைப் பெற்றோர் சொல்லக் கேட்பதோடு மருத்துவ நூல்களும் அடையாளமாகவே எழுதிவைத்திருக்கின்றன. தொண்டாமுத்தூர் வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். நொய்யல், வாய்க்கால்கள், பாக்குத் தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே கிணறு, மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் திறந்த தொட்டி. ஆபத்து என்று கத்தத் தெரியாத, கால் நிதானமில்லாத, தண்ணீரைக் கண்டால் நிற்காமல் போகும் ஒரு பிள்ளைக்கு இந்த அழகான ஊர் முழுக்கவே காவல் தேவை. கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் தொட்டிக்கு மூடியும் போடுவதுதான் இந்த நோய்க்கு இங்கே செய்யக்கூடிய முதல் வைத்தியம் என்பேன். அதே தண்ணீர் ஆள் துணையோடு கிடைத்தால் அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. நீச்சல் தொட்டிப் பயிற்சி உடம்புக்கும் நல்லது.

தூக்கம் குறைவு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விளையாட ஆரம்பிக்கும் பிள்ளையோடு விழித்திருந்து, விடிந்ததும் காட்டு வேலைக்கோ மில்லுக்கோ போகும் தாய்க்கு ஓய்வு என்று ஒன்று கிடைப்பதே இல்லை. இதைக் குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

வலிப்பு நான்கில் மூன்று பேருக்கும் மேலாக வருகிறது, பெரும்பாலும் மூன்று வயதுக்குள். இங்கேதான் சரியான பெயரின் அவசியம் கண்முன் நிற்கிறது. வலிப்புக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் கார்பமசிபைன் இந்தப் பிள்ளைகளுக்கு வலிப்பைக் கூட்டிவிடலாம். விகாபட்ரினும் அப்படியே. மாற்று மருந்துகள் உண்டு. மாவுச்சத்தைக் குறைத்த உணவுமுறையும் பலருக்குப் பலன் தருகிறது. ஏற்கெனவே கொடுத்துவரும் மாத்திரையை யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது, அது இன்னும் பெரிய ஆபத்து. நரம்பியல் டாக்டரிடம் போய்க் கேளுங்கள். பேச்சில்லாமை, சிரிப்பு, தடுமாற்ற நடை மூன்றும் சேர்ந்திருந்தால், அனுபவமுள்ள கண் ஈ.ஈ.ஜி. பதிவின் அலைகளிலேயே இந்த நோயை ஊகித்துவிடும்.

வாய் பேசாது என்பதால் காது கேட்பதும் புரியாது என்று நினைப்பது பெரிய அநியாயம். இவர்கள் சொல்வதைவிடப் புரிந்துகொள்வது எப்போதும் அதிகம். படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் ‘ஆவாஸ்’ செயலி சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கியது. பேச முடியாத குழந்தைகளோடு வேலை செய்யும் சென்னை வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து அதை வடிவமைத்தார்கள். தமிழிலும் இயங்கும். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, போதும் என்ற மூன்றை ஒரு பிள்ளை விரலால் சொல்லத் தெரிந்துகொண்டாலே, அடிப்பதும் முடியைப் பிடித்து இழுப்பதும் குறையும். சொல்ல வழியில்லாதவர் வேறெப்படித்தான் சொல்வார்?

மலை மரமும் அப்பாவின் நகலும்

இனி இந்தக் கதையின் மிகப் பெரிய நம்பிக்கைக்கு வருவோம். ஏஞ்சல்மேன் பிள்ளையின் மூளையில் அம்மா நகல் இல்லை, அல்லது கெட்டுவிட்டது. அப்பா நகல்? அது முழுசாக, ஒரு குறையும் இல்லாமல் ஒவ்வொரு நரம்பு செல்லிலும் இருக்கிறது. ஆனால் அடங்கிக் கிடக்கிறது. எல்லோருடைய மூளையிலும் அப்படித்தான், உங்கள் மூளையிலும் என் மூளையிலும். அப்பா வழிக் குரோமோசோமில் எதிர்த் திசையிலிருந்து ஒரு நீண்ட ஆர்.என்.ஏ. எழுதப்பட்டு வந்து, யூ.பி.இ.3ஏ-வின் மேல் ஏறி அதை அடக்கிவிடுகிறது. இது நரம்பு செல்களில் மட்டும் நடக்கிறது. உடம்பின் மற்ற இடங்களில் இரண்டு நகலும் இயங்குகின்றன. அந்த அடக்குமுறையை நீக்கினால்?

அமெரிக்காவின் வடக்குக் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பென் பில்பாட், மார்க் சைல்கா, பிரையன் ராத் ஆகியோர் 2,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களை எலி நரம்பு செல்களில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். 2011-ன் கடைசியில் அறிவித்தார்கள்: அப்பா நகலை எழுப்பிவிட்டது டோபோடெகான் வகை மருந்து. அது புற்றுநோய்க்குக் கொடுப்பது. அதன் மூலப்பொருள் கேம்ப்டோதெசின், சீன மரம் ஒன்றிலிருந்து மன்றோ வாலும் இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும் 1966-ல் பிரித்தெடுத்தது. அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும், பூவில் கெட்ட வாடை வீசும் ஒரு சிறு மரத்திலும் நிறைய இருக்கிறது என்பதை 1972-ல் எழுதியவர்கள் டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் என்.விஸ்வநாதனும். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து முதல்வராகவும் இருந்தவர் கோவிந்தாச்சாரி. பின்னர் மும்பையில் சீபா ஆய்வு மையத்தை நடத்தினார். மருந்துக்காக வெட்டி வெட்டியே அந்த மரம் பல காடுகளில் அரிதாகிவிட்டது. தொண்டாமுத்தூரில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடரின் ஒரு மரச் சரக்கு, இந்த நோய்க்கு வழி காட்டிய பொருளோடு ஒரே குடும்பம் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராத செய்தி.

டோபோடெகானைக் குழந்தைகளுக்குக் கொடுக்க முடியாது. மற்ற பல நீண்ட மரபணுக்களையும் அது முடக்கிவிடும். ஆனால் வழி இருக்கிறது என்பதைக் காட்டிவிட்டது. அடுத்து, அந்த எதிர்த்திசை ஆர்.என்.ஏ.-வை மட்டும் குறிவைத்துச் சிதைக்கும் செயற்கை மரபுத்துண்டுகள் வந்தன. ஆர்தர் போடே குழு 2015-ல் எலிகளில் பலன் காட்டியது. 2020-ல் முதல் முறையாகக் குழந்தைகளின் முதுகுத்தண்டு நீரில் ஊசி வழியாகச் செலுத்தினார்கள். ஐந்து பேருக்குக் காலில் பலவீனம் வந்து சோதனை நிறுத்தப்பட்டது. ஐவரும் தேறினார்கள். அளவைக் குறைத்து மீண்டும் தொடங்கினார்கள். அல்ட்ராஜெனிக்ஸ் நிறுவனத்தின் மூன்றாம் கட்டச் சோதனை 2024-ன் இறுதியில் தொடங்கியது. அயோனிஸ் நிறுவனமும் அடுத்த ஆண்டு அந்தக் கட்டத்துக்கு வந்தது. இது வரும் என்று நம்பி யாரும் நிலத்தை விற்றுவிட வேண்டாம். ‘ஸ்டெம் செல்லில் சரியாக்குகிறோம்’ என்று பணம் கேட்பவர்களிடம் கட்டாயம் ஏமாற வேண்டாம்.

எலிகளில் தெரிந்த இன்னொன்று மனதை உறுத்துகிறது. யூ.பி.இ.3ஏ-வை எந்த வயதில் திரும்பக் கொடுக்கிறோம் என்பது முக்கியம் என்று நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். இளம் வயதில் கொடுத்தால் நடை திருந்துகிறது. மற்ற பல குறைகள் திருந்த அதைவிடவும் முன்பே கொடுக்க வேண்டும். மருந்து வந்துசேரும் நாளில், நோயின் பெயர் தெரியாத பிள்ளை வரிசையில் நிற்கவே முடியாது.

எந்த வகை?

ஆகவே பெற்றோர் கேட்க வேண்டியது இது: "15-ஆம் குரோமோசோமுக்கு மெத்திலேஷன் டெஸ்ட் எழுதிக் கொடுங்க டாக்டர்." சில மில்லி ரத்தம் போதும். தாய் முத்திரை இருக்கிறதா இல்லையா என்பதை அது பார்க்கிறது. ஏஞ்சல்மேன் பிள்ளைகளில் சுமார் 80 சதவீதம் பேரை இந்த ஒரே சோதனை பிடித்துவிடும். அதில் ஒன்றும் தெரியாமல், அறிகுறிகள் மட்டும் அழுத்தமாக இருந்தால் யூ.பி.இ.3ஏ மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் மருத்துவ மரபியல் துறையே இருக்கிறது. தொண்டாமுத்தூருக்குப் பக்கத்திலேயே, மருதமலை அடிவாரத்துப் பாரதியார் பல்கலைக்கழகத்தில் மனித மரபியல் ஒரு துறையாகச் சொல்லித்தரப்படுகிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு 2013-ல் இருந்து பிறவிக் குறைகளைத் தேடிப் பார்க்கிறது. சந்தேகமுள்ள குழந்தைகளை மாவட்டத் தொடக்கநிலைத் தலையீட்டு மையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. இந்தச் சங்கிலியில் மெத்திலேஷன் சோதனையும் இலவசமாகச் சேர வேண்டும் என்பது என் கோரிக்கை.

நோய் என்று தெரிந்ததோடு நிறுத்தக் கூடாது. எந்த வகை என்று கேட்க வேண்டும். சுமார் 70 சதவீதம் பேருக்குத் தாய் வழி 15-இல் துண்டு இல்லாமல்போயிருக்கும். இது கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நேர்வது. தாய் சாப்பிட்டதாலோ, வேலை செய்ததாலோ, கிரகணத்தில் வெளியே வந்ததாலோ அல்ல. சொந்தத்தில் கல்யாணம் செய்ததாலும் அல்ல. அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. சில சதவீதம் பேருக்கு இரண்டு 15-உம் அப்பாவிடமிருந்தே வந்திருக்கும். அதுவும் பெரும்பாலும் திரும்ப வராது.

சுமார் 11 சதவீதம் பேருக்கு யூ.பி.இ.3ஏ-விலேயே எழுத்துப் பிழை இருக்கும். இந்த வகையில்தான் குடும்பத்தைக் கூட்டி உட்காரவைத்துப் பேச வேண்டும். பிழை அப்புச்சியிடமிருந்து, அதாவது அம்மாவின் அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம். அவர் தன் தகப்பனிடமிருந்து பெற்றிருந்தால் அவர் மூளையில் அது அடங்கிய நகல், ஒன்றும் செய்யாது. மகளுக்குக் கொடுத்தால் மகளுக்கும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அவளுக்கு அது அப்பா நகல். ஆனால் அவளுடைய கருமுட்டையில் பழைய முத்திரை அழிந்து தாய் முத்திரை விழுகிறது. அவள் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கொங்கு வேளாளர்களிடையே ‘கூட்டம்’ என்ற குலப்பிரிவு அப்பன் வழியில் இறங்குகிறது, பெண்ணை வேறு கூட்டத்துக்குத்தான் கட்டிக்கொடுப்பார்கள். அப்படியானால் இந்தப் பிழை ஒரு கூட்டத்தின் ஆண் வழியில் தலைமுறை தலைமுறையாக யாருக்கும் தெரியாமல் இறங்கி, ஒரு பெண் வாக்கப்பட்டுப் போன வீட்டில்தான் முதல்முறை தலைகாட்டும். அங்கே "வந்தவளாலதான் இப்படி" என்று அந்தப் பெண்ணின் தலையில் பழி விழும். ஒரு பேச்சு வராத குழந்தையைத் தூங்காமல் வளர்க்கிறவளுக்கு இந்தப் பழியும் சேர்ந்தால் அவள் என்ன ஆவாள்? பிழையை அவளுக்குக் கொடுத்தது ஓர் ஆண், அவருக்கும் அது தெரியாது.

எழுத்துப் பிழை என்று அறிக்கை வந்தால், குழந்தையின் தாய்க்கு ரத்தம் சோதிக்க வேண்டும். அவளுக்கும் அது இருந்தால், அவளுடைய அக்கா தங்கைகளுக்குச் சோதிக்க வேண்டும். அண்ணன் தம்பிகளுக்குப் பிறக்கும் குழந்தைகளுக்கு நோய் வராது, ஆனால் அவர்களின் மகள்கள் அதைச் சுமக்கலாம். அவர்கள் வளர்ந்து கருத்தரிப்பதற்கு முன் மரபியல் ஆலோசகரைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின்போதே தெரிந்துகொள்ளும் சோதனையும் இருக்கிறது. அறிக்கையை லேமினேட் செய்து வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். ஒரு நகலைப் பெண் வீட்டாரிடமும் கொடுத்துவையுங்கள்.